மின்பணியாளரின் வண்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சொந்தமாக மின்பணி செய்பவர்கள் வண்டியில் சரக்கு வைத்துக்கொள்வது பற்றி இம்மாதம் நான்கு கடிதங்கள் வந்துள்ளன. முதல் கடிதம் எழுப்பும் பிரச்சினை பலருக்கும் பொதுவானது என்பதால் அதற்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பதினொரு ஆண்டுகளாக வயர்மேன் வேலை செய்கிறேன். முறையாகத் தகுதிச் சான்றும் பெற்றிருக்கிறேன். இத்தனை நாளும் இரு சக்கர வாகனத்தில் இரண்டு பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு சென்றுவந்த நான், சென்ற தை மாதத்தில் பழைய மாருதி ஈக்கோ கார்கோ வண்டி ஒன்றை வாங்கினேன். மூன்றே மாதத்தில் அதன் பின்பகுதி பழைய இரும்புக் கடை போல ஆகிவிட்டது. ஒரு டூ-வே சுவிட்சைத் தேடக் கால் மணி நேரமாகிறது; தேடிக் கிடைக்காமல் கடைசியில் கடைக்குத்தான் போகிறேன். என்னென்ன பொருள்களை எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும், எப்படி அடுக்க வேண்டும்?
வாசகர், திண்டுக்கல்

பதில்: அலமாரி செய்வதற்குத் தச்சரையோ வெல்டரையோ அழைப்பதற்கு முன்பாக, ஒரு மாத காலம் ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தை ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். வேலையின் நடுவே கடைக்குப் போக நேர்ந்த ஒவ்வொரு முறையும் எதற்காகப் போனீர்கள் என்பதையும், மாடியிலிருந்து வண்டிக்கு இறங்கி வந்த ஒவ்வொரு முறையும் எதை எடுக்க வந்தீர்கள் என்பதையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். நான் வண்டி வாங்கிய புதிதில் இப்படி எழுதி வைத்தபோது, என்னைக் கடைக்கு அலைய வைத்தவை விலை உயர்ந்த பொருள்களல்ல என்பது தெரிந்தது. ஒன்றரை அங்குல ஸ்குரூ, சுவர்த் துளையில் ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளும் ரால் பிளக், மின்விசிறிக் கண்டன்சர், பச்சை நிற எர்த் வயர், சரியான ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாக ‘விழுந்து’ இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆகியவைதான் அந்தப் பட்டியலில் மீண்டும் மீண்டும் வந்தன. உங்கள் பட்டியல் வேறு மாதிரி இருக்கலாம். உங்கள் வேலைக்கு ஏற்ற வண்டிச் சரக்கை அந்தப் பட்டியல்தான் தீர்மானிக்க வேண்டும். மொத்த வியாபாரியின் சலுகை விலை அதைத் தீர்மானிக்கக் கூடாது.

சரக்கு இருப்பதும் இல்லாததும் நேர விரயத்தை மட்டும் பொறுத்த விஷயமன்று. மாலை ஏழு மணிக்கு ஒரு வீட்டில் 16 ஆம்பியர் எம்.சி.பி. பழுதாகிக் கிடக்கிறது, உங்கள் பெட்டியில் 32 ஆம்பியர் மட்டுமே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடை மூடும் நேரம், வீட்டில் குழந்தை அழுகிறது, வீட்டுக்காரர் அவசரப்படுத்துகிறார். ‘இப்போதைக்கு’ என்று சொல்லி 32 ஆம்பியரை மாட்டிவிட்டு வந்தால், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் தாங்கக்கூடிய அளவைத் தாண்டி மின்சாரம் ஓடினாலும் அந்த எம்.சி.பி. விழாது, சுவருக்குள் வயர்தான் சூடேறும். மறுநாள் மாற்ற வேண்டும் என்ற எண்ணம் அடுத்த வேலையில் மறந்துபோகும். பச்சை வயர் தீர்ந்துபோன நாளில் எர்த் இல்லாமலேயே பிளக் பாயிண்ட் போடப்படுவதும் இப்படித்தான். நல்ல வேலைக்காரர் தவறான வேலையைச் செய்யும் நேரங்களில் பெரும்பாலும் அவருடைய பெட்டிதான் காலியாக இருந்திருக்கும். ஆகவே, எம்.சி.பி.யில் 6, 10, 16, 20, 32 ஆம்பியர் ‘சிங்கிள் போல்’ (ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும்) வகையில் தலா இரண்டும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும், பச்சை வயர் ஒரு முழுச் சுருளும் எப்போதும் இருக்க வேண்டும் என்று முதலில் விதித்துக்கொள்ளுங்கள். மற்றவை அதற்குப் பிறகுதான்.

வயரைப் பொறுத்தவரை ஆசைப்பட்டு ஏற்றாதீர்கள். 90 மீட்டர் சுருள் ஒன்றில், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரின் செம்பு மட்டுமே ஏறத்தாழ 2 கிலோ எடை வரும். 4 சதுர மில்லிமீட்டரில் அது 3 கிலோவைத் தாண்டும். பழுது பார்க்கும் வேலையே அதிகமாக இருப்பவருக்கு 1.5 சதுர மில்லிமீட்டரில் சிவப்பும் கறுப்பும், 2.5 சதுர மில்லிமீட்டரில் சிவப்பும் கறுப்பும், எர்த்துக்குப் பச்சையும் போதும். 4 சதுர மில்லிமீட்டர் வயர் ஏ.சி. பாயிண்ட் வேலைக்கு வேண்டியது. கோடைக்கு முன் ஒரு சுருளை ஏற்றிக்கொண்டு, மழைக்காலத்தில் வீட்டிலேயே வைத்துவிடலாம். புது வீட்டு வயரிங் எடுக்கும்போது அந்த வேலைக்கான வயரைக் கணக்கிட்டுத் தனியாக வாங்கி, வேலையிடத்திலேயே இறக்கிவிடுங்கள். அதை வண்டிச் சரக்கோடு கலந்துவிட்டால் எது எந்த வீட்டின் வயர் என்பதே தெரியாமல் போகும்.

மாடுலர் சுவிட்சுகளில்தான் பணம் அதிகமாக முடங்குகிறது. ஒரு நிறுவனத்தின் சுவிட்ச் இன்னொரு நிறுவனத்தின் பிளேட்டில் பெரும்பாலும் பொருந்தாது என்பதால், எல்லா நிறுவனத்திலும் நான்கு நான்கு வாங்கி வைப்பவர்களின் வண்டி நிரம்பியிருக்கும். ஆனாலும் தேவையானது மட்டும் இருக்காது. உங்கள் பகுதி வீடுகளில் அதிகமாகப் பயன்படும் ஒரு நிறுவனத்தின் வெள்ளை நிறச் சரக்கை மட்டும் முழுமையாக வைத்துக்கொள்ளுங்கள். வேறு எதுவாக இருந்தாலும், புறப்படுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் சுவிட்ச் போர்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வழியில் கடையில் வாங்கிக்கொண்டே போகலாம். பழைய வீடுகளில் பியானோ சுவிட்சுகள் இன்னமும் இருப்பதால், அவற்றில் ஆறு ஒன்-வே, இரண்டு டூ-வே, இரண்டு 6 ஆம்பியர் சாக்கெட், 16 ஆம்பியர் சுவிட்சும் சாக்கெட்டும் தலா ஒன்று வைத்திருப்பது வீண் போகாது. இவற்றோடு பேட்டன் ஹோல்டர், சீலிங் ரோஸ், மின்விசிறிக்கான ஸ்டெப் ரெகுலேட்டர், 2.5 மைக்ரோபாரட் கண்டன்சர் ஆகியவையும் இருக்கட்டும். கோடையில் ‘ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது’ என்று வரும் அழைப்புகளில் பலவற்றை அந்தக் கண்டன்சர் ஒன்றே தீர்த்துவிடுகிறது. மின்விசிறியைக் கையால் தள்ளிவிட்டால் சுற்றுகிறது, தானாகக் கிளம்புவதில்லை என்று தொலைபேசியிலேயே சொல்வார்கள். அதைக் கேட்டதும் கண்டன்சரைப் பையில் எடுத்து வைத்துவிட வேண்டியதுதான்.

இனி அடுக்கும் முறைக்கு வருகிறேன். ஈக்கோவில் இருபுறமும் நகர்த்தும் கதவுகளும், பின்னால் மேலே தூக்கும் கதவும் இருக்கின்றன. நம் ஊரில் வண்டியைத் தெருவின் இடப்பக்கம் ஓரமாக நிறுத்துவதால், வலப்பக்கக் கதவைத் திறந்தால் போக்குவரத்தின் நடுவில்தான் நிற்க நேரும். எனவே வலப்பக்கம் முழுவதையும் நிலையான அலமாரிக்கு விட்டுவிட்டு, அன்றாடம் கை வைக்கும் பொருள்களை இடப்பக்கக் கதவைத் திறந்ததும் எட்டும் இடத்தில் வையுங்கள். கடைகளில் பயன்படுத்தும் துளையிட்ட இரும்பு ஆங்கிளும் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டும் அலமாரிக்குப் போதுமானவை. ஒவ்வொரு தட்டின் முன்விளிம்பிலும் இரண்டு அங்குல உயரத் தடுப்புக் கட்டை இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் வேகத்தடையிலேயே சரக்கு முழுவதும் தரைக்கு வந்துவிடும். தட்டின் மேல் ரப்பர் விரிப்பு போட்டால் பெட்டிகள் நகராது. அலமாரியைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். துளையிடும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து, எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் எங்கே செல்கின்றன என்று பார்த்துக்கொள்ள மறக்காதீர்கள்.

டிரில் மெஷின், சுவரில் காடி வெட்டும் மெஷின், வயர்ச் சுருள்கள் போன்ற கனமானவை கீழ்த்தட்டில், பின் அச்சுக்குச் சற்று முன்பாக இருக்கட்டும். வயர்ச் சுருள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், குறுக்கே ஒரு ஜி.ஐ. பைப்பை மாட்டி அதில் கோத்துத் தொங்கவிட்டால், வேண்டிய நீளத்தை வண்டியிலிருந்தே இழுத்து வெட்டிக்கொள்ளலாம், முறுக்கும் விழாது. ஸ்குரூ, பிளக், கிளாம்ப் போன்ற சில்லறைப் பொருள்களுக்கு, உள்ளே இருப்பது வெளியே தெரியும் இனிப்புக் கடைப் பிளாஸ்டிக் டப்பாக்களைவிட நல்ல பெட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரே அளவுள்ள டப்பாக்களாகச் சேகரித்து, மூடியில் எழுதாமல் பக்கவாட்டில் எழுதி ஒட்டுங்கள்; மூடிகள் எப்போதும் இடம் மாறும். ஓட்டுநர் இருக்கைக்கும் சரக்குக்கும் நடுவே உறுதியான இரும்பு வலைத் தடுப்பு கட்டாயம் வேண்டும். திடீரென்று பிரேக் பிடிக்கும்போது பத்துக் கிலோ எடையுள்ள மெஷின் உங்கள் பிடரியை நோக்கித்தான் பாயும்.

வயரை உள்ளே செலுத்தும் பிவிசி பைப்புகள் 3 மீட்டர் நீளம் உள்ளவை. அவற்றை உள்ளே குறுக்காகத் திணித்தால் இரு இருக்கைகளுக்கு நடுவே கியர்க் கம்பி வரை நீட்டிக்கொண்டிருக்கும். வெறும் கேரியரில் கட்டினால் வெயிலில் வில் போல வளைந்துவிடும். இதற்கு நான் செய்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். வடிகாலுக்குப் பயன்படும் 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயை 3 மீட்டருக்குச் சற்று அதிகமாக வெட்டி, ஒரு முனையில் நிரந்தர மூடியும் மறுமுனையில் கழற்றும் மூடியும் போட்டுக் கேரியரில் நான்கு இடங்களில் கிளாம்ப் அடித்திருக்கிறேன். 20 மில்லிமீட்டர் பைப்புகள் பதினைந்து வரை அதற்குள் தாராளமாக அடங்கும். நேரடி வெயிலும் மழையும் படாது. ஈக்கோவின் மொத்த நீளம் 3.675 மீட்டர் என்பதால் முன்னாலோ பின்னாலோ எதுவும் நீட்டாது. இது முக்கியம்: 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டிச் சரக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். பின்னால் வரும் இரு சக்கர ஓட்டியின் கண்ணுக்கும் கழுத்துக்கும் நேராகப் பைப் முனை நீட்டிக்கொண்டிருப்பதை நினைத்தால் அந்த அபராதம் அதிகமாகத் தோன்றாது.

கடைசியாக, மாடிக்கு எடுத்துச் செல்லும் கைப்பை. கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர், மூன்று அளவு ஸ்குரூ டிரைவர், வயர் உரிக்கும் கருவி, டெஸ்டர், மல்டிமீட்டர், இன்சுலேஷன் டேப், கனெக்டர், தலையில் மாட்டும் விளக்கு ஆகிய இவ்வளவும் அந்தப் பையிலேயே நிரந்தரமாக இருக்க வேண்டும். வண்டி அலமாரிக்கு ஒருபோதும் திரும்பக் கூடாது. பை தயாராக இருந்தால் வண்டியின் பாதி ஒழுங்கு தானாக வந்துவிடும், ஏனென்றால் கருவியைத் தேடித்தான் நாம் சரக்கையெல்லாம் கலைக்கிறோம்.

கேள்வி: என் கணவர் சொந்தமாக மின்வேலை செய்கிறார். வண்டியில் அலுமினிய ஏணியைக் கட்டிக்கொண்டுதான் எங்கும் போகிறார். இலேசாக இருக்கிறது, நீண்ட நாள் உழைக்கிறது என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. என் பயம் நியாயமானதா? அவர் பாதுகாப்புக்காக வண்டியில் வேறு என்ன வைக்கச் சொல்லலாம்?
வாசகி, கோவில்பட்டி

பதில்: உங்கள் பயம் முற்றிலும் நியாயமானது, அம்மா. அலுமினியம் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகம். ஏணியைத் தூக்கி நிறுத்தும்போது வீட்டின் அருகே செல்லும் கம்பியில் அதன் மேல்முனை பட்டாலே போதும், பிடித்திருப்பவரின் உடல் வழியாக மின்சாரம் தரைக்கு இறங்கிவிடும். மின்வேலைக்கு ஃபைபர் ஏணி வாங்குங்கள். விலை கூடுதல்தான் என்றாலும் இந்த ஒன்றில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அது வரும்வரை, நன்கு காய்ந்த மூங்கில் அல்லது மர ஏணி அலுமினியத்தைவிடப் பாதுகாப்பானது. மழையில் நனைந்திருந்தால் அதையும் தொடக் கூடாது.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். நீண்ட மின்வெட்டுகள் இருந்த ஆண்டுகளில் நம் ஊர் வீடுகளில் இன்வெர்ட்டர் மாட்டுவது பரவிவிட்டது. இப்போது பல கூரைகளில் சூரியத் தகடுகளும் இருக்கின்றன. மெயினை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் கை வைக்கும் வயரில் இன்வெர்ட்டரிலிருந்து 230 வோல்ட் வந்துகொண்டிருக்கலாம். என்னோடு வேலை செய்த ஒருவர் இப்படித்தான் படிக்கட்டு விளக்கின் வயரைத் தொட்டு ஏணியிலிருந்து தூக்கி எறியப்பட்டார். மணிக்கட்டு முறிவோடு தப்பியதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அதனால் மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்துவிட்டு, மல்டிமீட்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்திலும், பிறகு வேலை செய்யும் வயரிலும், மீண்டும் முதல் இடத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். நியான் டெஸ்டரில் வெளிச்சம் வரவில்லை என்பதை மட்டும் நம்பிக் கை வைக்கக் கூடாது. எம்.சி.பி.யைப் பூட்டும் சிறிய பூட்டு ஒன்றும், ‘ஆள் வேலை செய்கிறார், சுவிட்சைப் போடாதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் எழுதிய அட்டை ஒன்றும் வண்டியில் இருக்கட்டும். அந்த அட்டை வீட்டிலுள்ள முதியவர்களையும் பிள்ளைகளையும் தடுத்து நிறுத்தும். இவற்றுடன் ரப்பர் கையுறை, முதலுதவிப் பெட்டி, உலர் பொடித் தீயணைப்பான் ஆகியவை ஓட்டுநர் கதவைத் திறந்ததும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்; சரக்குக்கு அடியில் புதைந்த தீயணைப்பானால் பயனில்லை.

கேள்வி: எங்கள் ஊர் வெயிலில் வண்டிக்குள் இருக்கும் இன்சுலேஷன் டேப்புகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கார்ட்லெஸ் டிரில்லின் பேட்டரியும் இரண்டு ஆண்டுகளிலேயே செத்துவிட்டது. என்ன செய்யலாம்?
வாசகர், வேலூர்

பதில்: மூடி நிறுத்திய வண்டிக்குள் சித்திரை வெயிலில் வெப்பம் 50 டிகிரி செல்சியசைத் தாண்டும். லித்தியம் பேட்டரிகள் அந்த வெப்பத்தில் நாள்தோறும் கிடந்தால் விரைவில் வலுவிழக்கும். ஆகவே பேட்டரியைக் கைப்பையிலேயே வைத்துக் கூடவே எடுத்துச் செல்லுங்கள். வேலை முடிந்ததும் சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜ் போடாமல் ஆறவிட்டுப் போடுங்கள். கைப்பைக்கு வெளியே கூடுதலாக வைத்திருக்கும் டேப், ரப்பர் கையுறை ஆகியவற்றை மீன் கடையில் கிடைக்கும் தெர்மோகோல் பெட்டியில் மூடி வைத்தால் நண்பகல் வெப்பத்தின் கடுமை பெருமளவு குறையும். உங்கள் வண்டி ஈக்கோ அல்லது ஆம்னியாக இருந்தால், இன்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால் இருக்கைக்கு நேர் பின்னால் இவற்றை வைக்க வேண்டாம். பிவிசி ஒட்டும் சொல்யூஷனின் ஆவி தீப்பற்றக்கூடியது. சிறிய டப்பாக்களாக மட்டும் வாங்கி, இறுக மூடி, பின்கதவருகே தனி இரும்புப் பெட்டியில் வையுங்கள். பாதி பயன்படுத்திய டப்பாக்களைச் சேர்த்து வைக்காதீர்கள்.

கேள்வி: வண்டியில் இருக்கும் சரக்கின் மதிப்பு எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. பொருள்கள் தீர்ந்த பிறகுதான் தெரிகிறது. சில பொருள்கள் இரண்டு ஆண்டுகளாக அப்படியே கிடக்கின்றன. கணக்கு வைக்க எளிய வழி உண்டா? மேலும், வீட்டு உபயோகத்துக்குப் பதிவு செய்த என் பழைய ஆம்னியின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு அலமாரி வைத்துக்கொள்ளலாமா?
வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டாம் கேள்விக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. இருக்கைகளை நிரந்தரமாக அகற்றுவதும் அதில் சேரும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகையிலும் தகராறு வரலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி விண்ணப்பித்து அனுமதி பெற்ற பிறகே செய்யுங்கள். ஆம்னி உற்பத்தி 2019இல் நின்றுவிட்டதால், பழைய வண்டிக்குச் செலவு செய்வதைவிடச் சரக்கு வண்டியாகவே பதிவான ஒன்றைத் தேடுவது மேலானது என்பது என் கருத்து.

கணக்குக்குக் கணினி தேவையில்லை. ஒவ்வொரு டப்பாவின் மேலும், இருக்க வேண்டிய எண்ணிக்கை ஒன்றையும், அதற்குக் கீழே இறங்கக் கூடாத எண்ணிக்கை ஒன்றையும் எழுதுங்கள். கனெக்டர் டப்பாவில் ‘20, 6’ என்று இருந்தால், ஆறுக்கு வந்தவுடன் வாங்க வேண்டும் என்று பொருள். எம்.சி.பி.க்கு ‘2, 1’ போதும். ஒரு பொருளை எடுத்தவுடன் அந்த வீட்டுக்கான பில் தாளில் எழுதிவிடுங்கள். மாலையில் நினைவிலிருந்து எழுதினால் ஸ்குரூவும் டேப்பும் கணக்கில் வராது, அவை உங்கள் கூலியிலிருந்துதான் கழியும். பில் தாள்களின் நகல்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் புரட்டினாலே அடுத்த வாரத்துக்கு வாங்க வேண்டிய பட்டியல் கிடைத்துவிடும். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அதன் கீழுள்ள சிஎம்/எல் என்ற உரிம எண்ணையும் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணை இட்டால் உரிமம் உண்மையானதா என்று தெரிந்துவிடும். வயரிலும் எம்.சி.பி.யிலும் போலிகள் புழங்குவதால் இந்த ஒரு நிமிடம் செலவழிக்கத் தகுந்தது.

பருவத்தையும் கணக்கில் சேருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கிரகப்பிரவேசங்கள் இருப்பதில்லை. புது வீட்டுச் சரக்கை அம்மாதங்களில் வாங்கிக் குவிக்க வேண்டாம். பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் வீடுகளில் சுவிட்ச் பிளேட்டுகளும் ஹோல்டர்களும் மாற்றச் சொல்வார்கள். மாசி, பங்குனியில் ஏ.சி. பாயிண்ட் வேலைகளும் மின்விசிறிப் பழுதுகளும் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் இறங்கிய போர்டுகளும், விழுந்துகொண்டே இருக்கும் ஆர்.சி.சி.பி.க்களும், மோட்டார் ஸ்டார்ட்டர்களும் வரும். உங்கள் டெல்டா பகுதியில் பம்ப்செட் வேலையும் செய்பவராயின் ஸ்டார்ட்டருக்கான உதிரிகளை அப்போது கூடுதலாக வைக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளாகக் கிடக்கும் பொருள்களுக்கு ஆயுத பூஜைதான் சரியான நாள். அன்று வண்டியைக் கழுவவும் கருவிகளைத் துடைத்து வைக்கவும் எப்படியும் எல்லாவற்றையும் இறக்கத்தான் போகிறீர்கள். ஓர் ஆண்டாகக் கை படாத எதையும் திரும்ப ஏற்றாதீர்கள். பிரிக்காதவற்றைக் கடையில் மாற்றிக்கொள்ளக் கேட்டுப் பாருங்கள், மற்றவற்றை வீட்டில் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். மழையில் துருப்பிடித்த ஸ்குரூ, வெடிப்பு விட்ட பிளக், ஒரு முறை கருகிக் கழற்றிய சுவிட்ச் ஆகியவற்றை அன்றே கழித்துவிடுங்கள்.